எனக்குத்தாங்க அந்த ரப்பர் ஷீட்டு

போன மாசம் ஒரு ரப்பர் ஷீட்டு வாங்க திருப்பதி போனேன். அவ்ளோதாங்க வேல.

நான் நகரியில பவர்லூம் ஓட்றவன். எங்க பாப்பா மூணாங்கிளாஸ் படிக்குது. தூக்கத்துல படுக்கையிலயே ஒண்ணுக்குப் பூடும். அதுக்கு அது இன்னா பண்ணும்? காலைல யார்கிட்டயும் பேசாம பெட்ஷீட்ட சுருட்டிக்கினு பாத்ரூமுக்குப் போவும். அத பாக்கத்தான் எனக்கு முடியல.

டாக்டரம்மா சொன்னாங்க: "நெறைய புள்ளைங்களுக்கு இருக்கறதுதான். திட்டாதீங்க. பகல்ல நல்லா தண்ணி குடிக்கட்டும், சாயந்திரத்துக்கு மேல கொறைங்க. படுக்கறதுக்கு முன்னால பாத்ரூம் போவணும். மெத்தைக்கு ஒரு ரப்பர் ஷீட்டு போடுங்க."

நகரியிலயே கெடைக்கும். ஆனா இங்க வாங்கினா, நான் வீடு போய் சேர்றதுக்குள்ள விஷயம் போய் சேந்துடும். அதனால பாப்பாவயும் கூட்டிக்கினு திருப்பதிக்கு பஸ் ஏறிட்டேன். ரொம்ப புத்திசாலின்னு வேற நெனச்சிக்கினேன்.

அங்க மெடிக்கல் கடைக்காரரு நல்ல மனுஷன். கொரலுதான் பெருசு.

"ரப்பர் ஷீட்டா? பெத்தவாள்ளகா, பில்லலகா?"

பெரியவங்களுக்கா, புள்ளைங்களுக்கான்னு கேக்கறாரு. ரோட்டுக்கே கேட்டுது.

நான் வாய தொறக்கல, பின்னாடிலேர்ந்து ஒரு சத்தம். "இன்னா தம்பி, இங்க?"

எங்க தெரு சரளாக்கா! முட்டிக்கு பெல்ட் வாங்க வந்துகிறாங்க. அவங்க பொண்ணும் எங்க பாப்பாவும் ஒரே கிளாஸு, ஒரே பெஞ்சு.

பாப்பா என் கைய புடிச்சிது பாருங்க, வெரலு நசுங்கிடும் போல.

"யாருக்கு தம்பி ரப்பர் ஷீட்டு?"

மாமியாருக்குன்னு சொல்லியிருக்கலாம். தறிக்குன்னு கூட சொல்லியிருக்கலாம். மூள ஓடணுமே!

"எனக்குத்தான்க்கா"ன்னேன்.

கடைக்காரரு என்ன தலைலேர்ந்து கால் வரைக்கும் பாத்தாரு. "அப்போ பெரிய சைஸு"ன்னு உள்ள போனாரு.

சரளாக்காவுக்கு கண்ணே கலங்கிடுச்சு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி."

பஸ்ஸுல பாப்பா மெதுவா கேட்டுது. "நைனா, உனக்கும் நெஜமாவே வருமா?"

மூஞ்சிய பாத்தேன். இல்லன்னு சொல்ல மனசு வரல. "ஆமாம்மா"ன்னேன்.

பஸ்ஸு புத்தூர் தாண்டல, வீட்லேர்ந்து போன். "ஏங்க, உங்களுக்கு இன்னாவோ ஆச்சாமே?"

மறுநாள் டீக்கடைல மாஸ்டர் எனக்கு மட்டும் அரை கிளாஸ் குடுத்தாரு. "சாயந்திரம் ஆயிடுச்சிண்ணா, போதும்."

எள்ளு துன்னா இது நிக்கும்னு மாமியார் டப்பா நெறைய எள்ளுருண்டை குடுத்தனுப்பினாங்க. தறிப் பசங்க, நான் எழுந்து நின்னாலே ஓடிப்போய் பாத்ரூம் கதவ தொறந்து வெச்சாங்க. சித்தூர்லேர்ந்து மச்சான் போன் பண்ணி, "மாமா, வெக்கப்படாதீங்க"ன்னான். அது வரைக்கும் நான் வெக்கப்படவே இல்ல!

பாப்பாதான் என்ன கைல எடுத்துக்கிச்சு. ராத்திரி சோறு துன்னு முடிச்சதும் என் சொம்ப புடுங்கிக்கும். "போதும் நைனா."

படுக்கப் போனா விசாரணை. "பாத்ரூம் போய்ட்டு வந்தியா?"

"போனேன்மா."

"பொய் சொல்லாத. வா, நானும் வரேன்."

மொதல்ல அது, அப்புறம் நானு. தெனமும் இதே கதை. கொஞ்சம் கொஞ்சமா பெட்ஷீட்டு சுருட்டறது கொறஞ்சிது.

அப்பதான் பாகாலாவுல எங்க தெருக்காரங்க வீட்டு கல்யாணம் வந்துச்சு. வெளியூர்ல தங்கணும்னா பாப்பா எப்பவும் வயித்து வலின்னிடும். இந்த வாட்டி "நானும் வரேன்"னுச்சு. எனக்குத்தான் வயித்து வலின்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு.

மண்டபத்துல புள்ளைங்க எல்லாம் வரிசையா படுத்துச்சுங்க, சரளாக்கா பொண்ணு பக்கத்துல எங்க பாப்பா. எனக்கு மட்டும் பாத்ரூம் ஓரமா தனிப் பாய். சரளாக்கா ஏற்பாடு.

காலைல சில்லுன்னுச்சு. முழிச்சா வேட்டி, பாய், எல்லாம் தொப்பல்! தலமாட்டுல யாரோ சரியா மூடாம வெச்ச தண்ணி பாட்டிலு சாஞ்சி கெடக்குது.

எழுந்து நின்னேன். மண்டபமே பாக்குது.

"தண்ணி பாட்டிலுங்க!"ன்னு தூக்கிக் காட்டினேன்.

"ஆமா தம்பி, பாட்டிலுதான்"னாங்க சரளாக்கா. எல்லாரும் அதே மாதிரி தலையாட்டினாங்க. அவ்ளோ அன்பா யாரும் என்ன பாத்ததே இல்ல.

கூட்டத்துல பூந்து பாப்பா ஓடி வந்துச்சு. என்ன குனிய வெச்சி காதுல சொல்லிச்சு. "நைனா, நான் போவல. பாய் காஞ்சே கீது."

அது தலைய தடவிக் குடுத்தேன்.

அப்புறம் என் வேட்டிய பாத்துச்சு. தோள்ல தட்டிக் குடுத்துச்சு.

"பரவால்ல நைனா. பெருசானா சரியா பூடும்."

எனக்கு வயசு நாப்பத்தி ஒண்ணு.