நாற்பது பேரின் ஜூன் ஒன்று

நாற்பது பேருடைய பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்து முடிப்பதற்குள் தங்கராசுவுக்கு ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது. இனி பிறந்தநாள்.

முதல் ஆளுக்கு ஜூன் 1 என்று அடித்தார். இரண்டாவது ஆளின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பார்த்தார். ஜூன் 1. மூன்றாவது? அதேதான். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு வேலை பார்த்த அத்தனை பேரையும், பள்ளியில் சேர்த்த வாத்தியார்கள் ஒரே நாளில் பிறக்க வைத்திருந்தார்கள்.

பிரசவ லீவில் மந்தாரக்குப்பம் போயிருந்த ஆபீஸ் பெண் எழில்மதிக்கு போன் போட்டார்.

"ஏம்மா, இதையே நாப்பது தடவ அடிக்கணுமா?"

"எதுக்குண்ணா? கட்டத்தோட மூலையில சின்னதா கறுப்பு சதுரம் தெரியுதா? அதப் புடிச்சி கீழ இழுத்துகினே போங்க. அதுவே ரொப்பிடும்."

இழுத்தார். ஜூன் 2, ஜூன் 3, ஜூன் 4 என்று எக்ஸெல் தானாக எழுதிக்கொண்டே போயிற்று. ஜூன் 30 வந்ததும் 31க்குப் போகாமல் ஜூலை 1 என்று திரும்பியது.

தங்கராசு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஜூனுக்கு முப்பது நாள்தான் என்று இதற்கு யார் சொன்னது? அவர் அடித்தது ஜூன் ஒன்று. அது கொடுத்ததோ ஆளுக்கொரு நாள். வாத்தியார் போட்டது பொய் என்று ஊருக்கே தெரியும். அப்படியென்றால் நிஜம் இந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது! கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார்.

பதினெட்டு வருஷம் கன்வேயர் பெல்ட்டுக்கடியில் குனிந்து, சிந்திய கரியை வாரிக் கொட்டியவர் அவர். முட்டி தேய்ந்துபோனதால் ஆபீஸில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கும் சூப்பர்வைசர் மதிவாணன் கெடு வைத்திருந்தார்.

"ஒரு மாசம் பாப்பேன். சரிப்படலன்னா மறுபடி பெல்ட்டுக்குத்தான்."

அந்த வருஷம், 2014இல், தொழிலாளர் பிறந்தநாளுக்கு அரைக்கிலோ கேக் வெட்ட வேண்டுமென்று ஹெட் ஆபீஸ் உத்தரவு போட்டிருந்தது; இந்த லிஸ்ட் அதற்குத்தான். ஜூன் ஒன்றாம் தேதி முதல் கேக் வந்தது. மறுநாள் ஒன்று. அதற்கு மறுநாளும் ஒன்று.

ஐந்தாம் நாள் மதிவாணன் கையில் கேக்கோடு முறைத்தார். "என்னய்யா இது, எல்லாரும் கியூவுல நின்னு பொறந்தீங்களா?"

தங்கராசு ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வரிசையைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, மேலே இருந்த இசட்-ஏ பொத்தானை அமுக்கினார். பக்கத்துக் கட்டங்களும் சேரவேண்டுமா, இது மட்டும் போதுமா என்று எக்ஸெல் கேட்டது. இது மட்டும் போதும் என்றார் மரியாதையாக. கண் மூடித் திறப்பதற்குள் பெயர்களெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன, தேதிகள் அசையவில்லை. அடேயப்பா என்று வியந்து, பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

அரைமணி நேரத்தில் சிங்காரவேல் கதவை இடித்துக்கொண்டு வந்தார். பத்தொன்பதாம் தேதி கேக் வெட்ட வேண்டியவர்.

"எனக்கு நாலாந்தேதியே பொறந்தநாள் முடிஞ்சிடுச்சின்னு போட்டுகிது. யாரு தின்னது என் கேக்க?"

மறுபடி எழில்மதி. "பைல மூடலியே? அப்ப கன்ட்ரோலும் இசட்டும் சேத்து அமுக்குங்கண்ணா."

அமுக்கினார். எல்லாப் பெயரும் பழைய இடத்துக்கே ஓடிவந்தன. தங்கராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்த தப்பைச் செய்யாததாக ஆக்குகிற பொத்தான்! வாழ்க்கையில் அவருக்கு அது தேவைப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன.

ஆனால் பெட்டிக்கு நிஜம் தெரியும் என்று அவர் சொன்னதும் எழில்மதி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. ஒரு தேதி குடுத்தா அடுத்தடுத்த தேதியா எழுதிகினே போவும், அவ்ளோதான்."

அப்புறம் அவருக்குத் தூக்கமில்லை. பத்தாம் தேதி, ஆபீஸ் பெருக்க வந்த பொன்னம்மாளிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, நேத்து உனக்கு வெட்டின கேக்கு தப்பு. உனக்கும் ஜூன் ஒண்ணுதான். எல்லாத்தையும் மாத்திடப் போறேன்."

பொன்னம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "மாத்துவ, மாத்துவ! அம்பது வயசுல நேத்துதான் மொத மொதல்ல என் பேரச் சொல்லிக் கை தட்டினாங்க. மருமவ பொடவ எடுத்துக் குடுத்துகிறா. ஜூன் ஒம்போது என்னுது. அதத் தொட்ட, நடக்கிறதே வேற!"

மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து ஜீப் வந்தது. இறங்கியவர் மேனேஜர் கோபாலகிருஷ்ணன். நாற்பது சர்டிபிகேட் நகல்களையும் மேசையில் போட்டார்.

"இதுல எல்லாருக்கும் ஜூன் ஒண்ணு. உங்க லிஸ்டுல ஆளுக்கொரு தேதி. யார் பண்ணின வேலை?"

மதிவாணன் சட்டென்று ஒதுங்கி நின்றார். தங்கராசுவுக்கு முட்டி இப்போதே வலித்தது.

"நான்தாங்க. ஒரே தேதியத்தான் ரொப்பச் சொன்னேன். இழுத்துகினே போனேன், அது ஆளுக்கொரு நாளாக் குடுத்துட்டுது. தப்புன்னு தெரிஞ்சப்புறமும் புடுங்க மனசு வரலீங்க."

"சூப்பர்வைசர், இந்த ஆள..." என்று ஆரம்பித்த மேனேஜர் ஏனோ நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையருகே குனிந்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். ஜூலை 10 வரை வந்தார்.

"இதுக்குக் கீழ கட்டம் இருக்கா?"

"பத்து லட்சத்துக்கு மேல இருக்குதுங்க சார்," என்றார் தங்கராசு. பயத்திலும் அவர் குரலில் பக்தி இருந்தது.

"அப்ப இன்னும் ஒரு கட்டம் கீழ இழுய்யா. எனக்கும் ஜூன் ஒண்ணுதான்."