என் ஜீப்பும் ஒரு சங்கிலிப் பூட்டும்

என் ஜீப்பின் கிளட்சை நானே மாற்றுவது என்று முடிவு செய்த அன்றே, லிபா நகரத்து மெக்கானிக்குகள் அத்தனை பேரும் கடையைச் சாத்திவிட்டு ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும். யாரும் போகவில்லை. விஷயம் தெரியாதவர்கள்.

அவர்களில் முதல் ஆள் என் மைத்துனன் புலோ. எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு கண்ணைத் திறந்து, "கிளட்ச் போச்சு குயா" என்பான். குயா என்றால் அண்ணன், மரியாதைக்குக் குறைவில்லை. ஜீப் நாலு மாதமாக நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது என்பது எங்கள் தெரு நாய்க்கே தெரியும். அதைச் சொல்ல ஒரு மெக்கானிக், அவனுக்கு ஒரு கடை.

கிளட்சுக்கும் என் மனைவி ரொசெண்டாவுக்கும் சம்பந்தம் உண்டு. ஜீப் நிற்கும் இடம் வீட்டு வாசலை ஒட்டித் தகரக்கூரை போட்டது. நல்ல காற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜீப்பின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து, யாரும் கூப்பிட்டால் காதில் விழாத தூரத்தில் இருப்பேன். உலகத்தில் எனக்கென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தில் ரொசெண்டா லோமிக் கடை போட வேண்டுமாம். லிபாவில் தெருவுக்கு ஏழு லோமிக் கடை இருக்கிறது. எட்டாவதாக ஒருத்தி தடித்த நூடுல்ஸைக் குழம்பில் கொதிக்கவிட்டு, மேலே நாலு ஈரல் துண்டைப் போட்டுக் கொடுக்கவில்லை என்று எவன் அழுதான்?

போன மாதம் எதிர்வீட்டுப் பாட்டி அலிங் பாசிங்கின் பிறந்தநாள் விருந்தில் இந்தப் பேச்சு மறுபடி வந்தது. தெருவே உட்கார்ந்திருந்தது. கையில் பான்சித் நூடுல்ஸ் தட்டுடன் ரொசெண்டா, ஓடாத ஜீப்புக்கு எதற்குக் கூரை என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என் சாவி இல்லாம அந்த ஜீப்பை அங்கேருந்து நகர்த்திட்டா, அந்த இடம் உனக்கு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் ரொசெண்டா.

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். எனக்கென்ன பயம்? ஜீப்பை முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல்வரை இழுத்து, இரண்டு தடிகளையும் சேர்த்துச் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தேன். சாவி என் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில். மறுநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் புலோவும் அவன் கடை ஆட்கள் நாலு பேரும் வந்து தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். ஜீப் அசையவில்லை. புலோவின் முதுகுதான் அசைந்தது. மூன்று நாள் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு திரிந்தான்.

இருந்தாலும் ஓடாத ஜீப் என்ற பேச்சு என்னைக் குத்தியது. குடிநீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகப் புகார்களைப் படித்துப் பதில் எழுதுகிறவன் நான். ஒரு பழுதுபார்க்கும் புத்தகத்தைப் படிக்க முடியாதா? படித்தேன். கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கியர் பாக்ஸை இறக்க வேண்டுமானால், அங்கிருந்து பின்சக்கரங்களுக்குப் போகிற நீளமான இரும்புத் தண்டை, அந்த ஷாஃப்டை, முதலில் கழற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டேன். பிளேட்டும் வாங்கியாகிவிட்டது.

ரொசெண்டா சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"நீயே செய்யப் போறியா? நல்லதுதான்" என்றாள். "முதல்ல ஷாஃப்டைத்தானே கழட்டணும்?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அப்பா ஜீப்னிக்குக் கீழ நான்தானே விளக்குப் பிடிப்பேன்."

அவளுடைய அப்பா முப்பது வருடம் பக்கத்து ஊர் தனாவானுக்கு ஜீப்னி, அதாவது ஆள் ஏற்றும் நீள ஜீப், ஓட்டியவர். அதிலேயே பழுதும் பார்த்தவர். அதற்காக, விளக்குப் பிடித்தவளுக்கெல்லாம் வண்டி தெரியும் என்றால், கோயிலில் மெழுகுவர்த்தி பிடிக்கிறவனெல்லாம் பாதிரியாராகிவிடலாம். இதை அவளிடமே சொன்னேன். அவள் போய் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை, பராகோ காப்பி இரண்டு கோப்பை குடித்துவிட்டு வேலையில் இறங்கினேன். எங்கள் ஜீப் உயரமானது. தூக்கி நிறுத்தத் தேவையில்லை, அட்டையை விரித்து அப்படியே உள்ளே நகரலாம். நான் நகரப்போன நேரத்தில் ரொசெண்டா நாலு சிமென்ட் கற்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்க வேண்டுமாம்.

"எதுக்கு?"

"தரை தெருப் பக்கம் கொஞ்சம் சரிவு. வண்டி உருண்டுட்டா?"

"கியர்ல இருக்கு. ஹேண்ட் பிரேக் இருக்கு. ரெண்டையும் பூட்டியிருக்கேன். எங்க உருளும்? மணிலாவுக்கா?"

"என் மனசு ஆறுதலுக்கு வச்சுக்கறேனே."

பெண்களின் மன ஆறுதலுக்காக எத்தனையோ செய்கிறோம். நாலு கல் என்ன பெரிது. வைத்துக்கொள் என்றேன். வைத்தாள். ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்து இறுக்கிவேறு வைத்தாள். கல்லைக் கண்டால் உதைக்கிற குடும்பம்.

அடியில் படுத்தேன். ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் அது எந்த வாக்கில் பொருந்தியிருக்கிறது என்று குறி போடச் சொல்கிறது புத்தகம். திருப்பிப் பூட்டும்போது மாறிவிட்டால் வண்டி ஓடும்போது உதறுமாம். குறி போட ரொசெண்டாவின் சிவப்பு நகப்பூச்சு கைக்கு வந்தது. நான் கேட்கக்கூட இல்லை. என் நெஞ்சின்மேல் ஒரு பழைய தலையணையும் வந்து விழுந்தது.

"இது எதுக்கு? தூங்கவா?"

"கடைசி போல்ட் வந்ததும் ஷாஃப்ட் அப்படியே மேல விழும். ஒரு கையால தாங்கிக்கிட்டுக் கழட்டு."

புத்தகத்தில் அந்தப் பக்கம் நான் படிக்காமல் விட்ட பக்கம். அதைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. துருப்பிடித்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் என் உறவினர்கள் மாதிரி, இடத்தைவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் இருந்தன. கடைசிப் போல்ட்டோடு போராட இரண்டு கையும் தேவைப்பட்டது. அது கழன்றது. ஷாஃப்ட் என் நெஞ்சில் விழுந்தது. தலையணை இல்லையென்றால் இந்தக் கதையை வேறு யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதே நொடியில் ஜீப் மெல்ல முனகி, இரண்டு விரற்கடை நகர்ந்து, கல்லில் முட்டி நின்றது.

"என்ன சத்தம்?" என்றாள் ரொசெண்டா.

"வயசான வண்டி. பாரம் குறைஞ்சதும் பெருமூச்சு விடுது."

"அப்படியா" என்றாள். விளக்கு கொஞ்சம் ஆடியது. அவள் இருமுகிறாள் என்று நினைத்தேன்.

ஷாஃப்ட் முனையிலிருந்த சின்னச் சின்ன மூடிகள் கழன்று உருளாமல் நாடா சுற்றினேன். கியர் பாக்ஸின் வாலில் எண்ணெய் வழியாமல் துணி திணித்தேன். எல்லாம் புத்தகப்படி. ஷாஃப்டைத் திருடிவிடுவார்கள், கட்டிலுக்கடியில் வை என்றாள் ரொசெண்டா. இந்த வீட்டில் முதல்முறையாக ஒரு நல்ல யோசனை அவள் வாயிலிருந்து வந்தது. வைத்தேன். மணி பதினொன்றரை. கியர் பாக்ஸைச் சாப்பிட்டுவிட்டு இறக்கலாமே, இனி அவசரமில்லையே என்றாள்.

சாப்பாடு லோமி. மரியாதைக்காக ஒரு கிண்ணம். பிறகு கலமன்சி எலுமிச்சை பிழிந்து இன்னொரு கிண்ணம். மூன்றாவதை நான் மறுத்திருக்கலாம்தான். லோமி என்பது வயிற்றில் சிமென்ட் மாதிரி இறுகக்கூடிய சாமான். படுத்தது நினைவிருக்கிறது.

எழுந்தபோது மணி மூன்றரை. வாசலில் பேச்சுக்குரல். போய்ப் பார்த்தால் தகரக்கூரைக்குக் கீழே என் ஜீப் இல்லை. மூன்று மேசை இருந்தது. அடுப்பு இருந்தது. அடுப்பில் அண்டா. மேசைகளில் தெரு முழுக்க உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பிறந்தநாள் விருந்துக்கு வந்த அதே முகங்கள். முன்வரிசையில் முதுகு நேராகிவிட்ட புலோ.

ஜீப் எதிரே, அலிங் பாசிங் வீட்டு மாமரத்தடியில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் கியர். ஹேண்ட் பிரேக் கடைசிப் பல்லில். சங்கிலி சுற்றினபடியே இருக்கிறது, பூட்டில் ஒரு கீறல் இல்லை. கழுத்தைத் தொட்டேன். சாவி இருந்தது. பின்சக்கரங்களுக்கு நாலு கற்களும் முட்டுக் கொடுத்திருந்தன. ஒரு கழுகு வந்து தூக்கிக்கொண்டு போய் வைத்த மாதிரி இருந்தது.

ரொசெண்டா கரண்டியோடு வந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"கியர் பிடிச்சு வைக்கறது ஷாஃப்டைத்தான், செல்மோ. இந்த மாதிரிப் பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக்கும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். சக்கரத்தைத் தொடாது. ஷாஃப்ட்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அதைக் கழட்டிக் கட்டிலுக்கடியில வச்சுட்ட. அப்புறம் மேல எத்தனை பூட்டுப் போட்டா என்ன? குழந்தை வண்டி மாதிரிப் போகுது."

"அதான் கல்லு வச்சியா?"

"பின்ன? நீ அடியில இருக்கறப்ப உருண்டா என்ன ஆகறது? கடை திறக்கற அன்னைக்கு வீட்டுல சாவு விழக் கூடாதில்ல."

வார்த்தை கொடுத்தது கொடுத்ததுதான். அத்தனை பேர் வாயில் நூடுல்ஸோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விடமுடியவில்லை. ஆயிரம் கிலோ இரும்பு. என் தம்பட்டத்தைத் தோற்கடிக்கக் குறைந்தது பத்து ஆள் வந்திருக்க வேண்டும். அந்தப் பெருமையாவது எனக்கு மிஞ்ச வேண்டாமா? புலோவின் கடை மொத்தமும் வந்ததா, பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் பிடித்தார்களா என்று கேட்டேன்.

"புலோ இப்பதான் வந்தான்" என்றாள் ரொசெண்டா, என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து. "நான் ஸ்டியரிங்ல உட்கார்ந்தேன். தள்ளினது அலிங் பாசிங். அதுவும் ஒரு கையாலதான். வெயிலா இருந்ததில்ல, இன்னொரு கையில குடை பிடிச்சிருந்தாங்க."