கூடலாயி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்

நாள்: 3-8-2025, ஞாயிறு. நேரம்: காலை 6.10. கதைக்கு இதுவரை கைக்கு வந்த முடிவுகள்: நான்கு. அதில் உருப்படியானது: ஒன்றும் இல்லை.

மதிப்பிற்குரிய பெரியப்பா உடையப்பன் அவர்களுக்குத் தம்பி மகன் முகேஷ்குமார் பணிவுடன் எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதச் சொன்னார் அம்மா. எழுதிவிட்டேன். சுகமில்லை. கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் உங்களுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "சாப்டியாலே? சாப்டியாலே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கூரியரில் வருகிறது. உடனே பதில் வேண்டும், என் கல்யாணம் அதில் தொங்குகிறது.

விஷயம் கூடலாயி கதைப்பாட்டு. நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு ஆடி வெள்ளிக்குக் கோயிலில் உடுக்கை அடித்துப் பாட ஆளில்லை. இந்த வருசம் பொறுப்பு என் தலையில். உங்கள் பழைய கேசட்டைப் பேகம்பூரில் ரேடியோ கடை வைத்திருக்கும் சௌகத் அலி பாயிடம் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றினேன். அவர் "தம்பி, ரெண்டு பக்கத்தையும் முழுசாக் கேட்டுட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். எனக்கு மில்லில் ஷிப்ட், ஒரு மணி நேரம் யார் உட்காருவது? அஞ்சு நிமிசம் வேகமாக ஓட்டிப் பார்த்தேன், குரல் தெளிவாக இருந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஜூலை 25, ஆடி வெள்ளி ராத்திரி கோயிலில் ஆம்ப்ளிபயர், நாலு ஸ்பீக்கர், எல்லாம் கச்சிதம். ஏழு அண்ணன்மாரும் வியாபாரத்துக்குக் கிளம்புகிறார்கள், நாடு கெட்டுக்கிடக்கிறது என்று பத்திரத்துக்காகத் தங்கச்சியைக் கல் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள், "ஏழண்ணன் கூடி இரும்புப் பூட்டு போட்டாங்க, சூரியன் தெரியாமச் சுவரெழுப்பிப் போனாங்க" என்று உங்கள் குரல் இழுக்கிறது, பொம்பளைகள் எல்லாம் முந்தானையால் மூக்கைச் சிந்துகிறார்கள், அப்போது ஸ்பீக்கரில் ஒருவர் மிக மரியாதையாகச் சொல்கிறார்: "தக்காளியில் இலைச்சுருட்டு நோய் தென்பட்டால் விவசாயிகள் பதற வேண்டியதில்லை." பின்பக்கத்தில் யாரோ ரேடியோவைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், பெரியப்பா! கடைசி வரைக்கும் தக்காளிதான்.

பூட்டின இடத்தில் கதையை நிறுத்தக் கூடாது, கதவு திறக்கும் வரை உடுக்கையைக் கீழே வைக்கக் கூடாது, மழை வந்தாலும் குடை பிடித்துப் பாடி முடிக்க வேண்டும் என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. அதை உடைத்தவன் நான். மறுநாள் பொன்னழகு அத்தை வீட்டு போர்வெல் மோட்டார் இறுகிப்போனது. நான் போய்ப் பார்த்தேன், பேரிங் போய்விட்டது, பேரிங் போகத்தான் செய்யும், பதினோரு வருசத்து மோட்டார். "பேரிங்காம்ல பேரிங்! உள்ள ஒருத்தியப் பூட்டிப்புட்டு வந்து நிக்கிறான் பாரு" என்கிறார் அத்தை. கோயில் தலைவர் மலைச்சாமி மாமாவுடைய பீரோ திறக்கவில்லை, காரணம் நான். டவுன் பஸ் கதவு சிக்கியது, நான். ஒருவருக்கு மலச்சிக்கல், அதற்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. சித்தையன்கோட்டையிலிருந்து சண்முகவள்ளி அத்தை வந்தார். அவர் மகள் கௌசல்யாவுக்கும் எனக்கும் ஆவணிக் கடைசி முகூர்த்தம் குறித்தாயிற்று, மண்டபமும் சொல்லியாயிற்று. வந்தவர் தண்ணிகூடக் குடிக்கவில்லை. "பொண்ண உள்ள வச்சுப் பூட்டி அம்போன்னு விட்ட வீட்டுக்கு, எம் பொண்ண எந்த நம்பிக்கையில அனுப்புறது? கூடலாயி வெளிய வரட்டும், அப்பறம் பேசிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சரி, முடிவைப் பாடிவிட்டால் தீர்ந்தது என்று விசாரித்தேன். அங்கேதான் இடி. பூட்டுகிற வரைக்கும் ஊரில் அத்தனை பேருக்கும் தலைகீழ்ப் பாடம். அழுகை ஒரு வரி பிசகவில்லை. ஊரே திரண்டு கடப்பாரையும் சம்மட்டியுமாகக் கதவை இடிக்கிறது, ஒரு சாண் சாளரம் வழியாக அவளுக்குக் கஞ்சி போகிறது, அது வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு? அம்மாவைக் கேட்டேன். "நான் அப்பச் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன்டா." எல்லோருக்கும் அதே கதை. அழுது முடித்ததும் பந்திக்கு ஓடிவிட்டார்கள். மலைச்சாமி மாமா சாவி மீன் வயிற்றில் கிடைத்தது என்கிறார், நம் ஊர்க் கண்மாயில் தண்ணீர் பார்த்தே பல வருசம் ஆகிறது. பூசாரி பொம்மையன் இடி விழுந்து கதவு பிளந்தது என்கிறார். பொன்னழகு அத்தை, அண்ணன்மார் திரும்பி வந்தார்கள் என்கிறார். நாலாவது முடிவை நானே கட்டினேன்: கட்டர் வைத்துக் கொண்டியை அறுத்துவிடுவது. மில் ஸ்டோரிலிருந்து ஒரு கட்டரையே வாங்கிவந்து கையில் வைத்துக்கொண்டு பாடிக்காட்டினேன். பூசாரி, "ஏலே, அவ என்ன கடை ஷட்டரா?" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கும் முடிவு தெரியாது. ஏன் என்றால் ஆறு வயசில் முன்வரிசையில் உட்கார்ந்து "பூட்ட உடைச்சா முடிஞ்சது, எதுக்கு அழுகுறாங்க?" என்று கேட்டேன். நீங்கள் பாட்டை நிறுத்தாமலே தலையில் ஒரு குட்டு வைத்தீர்கள். குட்டுகூடத் தாளத்தில் விழுந்தது. கோபித்துக்கொண்டு நானும் பந்திக்குப் போனவன்தான். ஆனால் அந்தக் கல் அறை என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் மில்லில் பஞ்சுக் குடோன் ஷட்டரை இறக்கும்போது "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டுகிறேன். சூப்பர்வைசர் சிரிக்கிறார்.

ஆகவே பெரியப்பா, அவள் எப்படி வெளியே வந்தாள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். ராகம் வேண்டாம், விவரம் போதும்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அண்ணன் பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கால்வலி இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் குணமாகி, நீங்கள் நடந்தே வந்து என் தலையில் அட்சதை போட வேண்டும்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த மகன்,
முகேஷ்குமார்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து. உறையை ஒட்டப் போகும்போது கௌசல்யா போன் செய்தாள். "முடிவு கெடச்சுச்சா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றாள். உறையைக் கீழே வைத்தேன். சின்ன வயசில் நம் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோதே முழுசாகக் கேட்டாளாம். "அம்மா இடம் புடிச்சு வைக்கச் சொல்லிட்டுப் பந்திக்குப் போயிருச்சு. நான் கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல" என்றாள். சாவி கூடலாயியின் கொண்டையில்தான் இருந்ததாம். பூட்டிவிட்டுப் போகும்போது கடைசி அண்ணன் சாளரம் வழியாகக் கையை விட்டுச் செருகிவிட்டுப் போனானாம். நான் விடவில்லை. "வெளிய தொங்குற பூட்ட உள்ள இருந்து எப்படித் திறப்பா?" என்றேன். "அவ எங்க திறந்தா? அந்த வழியாப் போன வளையல்காரர் ஒருத்தர், சாவி எங்கம்மா இருக்குன்னு கேட்டாரு. சாளரத்துல கைய விட்டுக் குடுத்தா." "அம்புட்டு நாளா அவ ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க எல்லாம் இடிச்ச சத்தத்துல அவ கத்துனது யாருக்குக் கேட்டுச்சு?" பிறகு, "ஒம்போது நாளா ஊரையே கேட்டிங்க. என்னையக் கேட்டிங்களா?" என்று வைத்துவிட்டாள்.

இனி நான் செய்யப்போவது:

1. கட்டரை மில் ஸ்டோரில் திருப்பிக் கொடுப்பது.
2. வரும் வெள்ளி கோயிலில் கௌசல்யாவைப் பாட அழைப்பது. நான் மைக் மட்டும் பார்ப்பது.
3. கதவு திறக்கும் வரை யாரும் உலையில் அரிசி போடக் கூடாது என்று மலைச்சாமி மாமா வாயால் சொல்ல வைப்பது.
4. இன்று சாயங்காலம் சித்தையன்கோட்டை போய், இந்தக் கல்யாணத்தில் உனக்குச் சம்மதமா என்று கௌசல்யாவிடமே கேட்பது. யோசித்துப் பார்த்தால் அதையும் இதுவரை யாரும் கேட்கவில்லை.