வலிக்காத முட்டி

முட்டி வலிக்கவில்லை. தபால்காரருக்கு அதுதான் இப்போது பெரிய கவலை.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்து ஆராய்ச்சிக்காக அவருக்கும் மனைவிக்கும் ஊசி போட்டார்கள். இருவருக்கும் தேய்ந்த முட்டி. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"மூட்டு தேஞ்சா அங்க நரம்பு வளர்ச்சிப் புரதம்னு ஒண்ணு நிறைய ஊறும். அது வலி நரம்பை உசுப்பேத்தி விட்டுடும். லேசா தொட்டாக்கூட ஊரைக் கூட்டும். இந்த மருந்து அந்தப் புரதத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா வலி இல்லேன்னு ஆட்டம் போடாதீங்க. மூட்டு உள்ளயே நொறுங்கினாலும் தெரியாது."

கடைசி வாக்கியம் மட்டும் தபால்காரரின் காதில் குடியேறிவிட்டது.

மறுநாளே வலி போயிற்று, கண்ணுகளா. நிம்மதியும் கூடவே போயிற்று.

"ஏம்மா, முட்டிக்குள்ள ஏதாவது சத்தம் கேக்குதா பாரு."

மனைவி குனிந்து காதை வைத்தாள். "கேக்குது. 'வேலைக்குப் போ'ங்குது."

போகவில்லை. லீவு போட்டார். நடந்தால் நொறுங்குமென்று உட்கார்ந்தே இருந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தார், கழுத்து சுளுக்கிக்கொண்டது. கைத்தடி வாங்கினார்; ஊன்றிய தோள் வீங்கியது. முட்டியைத் தவிர உடம்பில் வலிக்காத இடமில்லை.

"முப்பது வருஷம் நாய்க்குப் பயப்படாதவன், இல்லாத வலிக்குப் பயந்து சாகறேன். என்னை மாதிரி வீரனை யாரு பெத்திருப்பா?"

"நல்லவேளை, உங்கம்மா ஒண்ணோட நிறுத்திட்டாங்க."

"நீயும் கொஞ்சம் உக்காரேன்."

"ரெண்டு பேரும் உக்காந்தா அடுப்பு யாரு பத்த வைக்கிறது?"

கடைசியில் சக்கர நாற்காலி வாடகைக்கு வந்தது. படிக்கட்டில் அவள் முதலில் நாற்காலியைத் தூக்கி இறக்கினாள். பிறகு அவரைத் தாங்கி இறக்கினாள்.

"உனக்கு வலிக்கலையா?"

"வலிக்கல. வலிச்சாலும் எங்க உக்கார்றது? அங்கதான் நீங்க இருக்கீங்களே."

ஆராய்ச்சி முடியும் நாள் வந்தது. ஆஸ்பத்திரி ஏற்றத்தில் மனைவி அவரைத் தள்ளிக்கொண்டு வந்து நர்ஸ் முன்னால் நிறுத்தினாள். தபால்காரர் கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோல் முட்டியை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார்.

"சீக்கிரம் படம் எடும்மா. உள்ள எவ்வளவு மிச்சமிருக்குன்னு தெரியணும்."

நர்ஸ் இருவர் பெயரிலும் ஒட்டி வைத்திருந்த உறைகளைப் பிரித்துப் படித்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள்.

"ஐயா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக உங்களுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி. மருந்து போனது அம்மாவுக்கு. முதல்ல எழுந்திரிச்சு அவங்களை உக்கார வைங்க!"