பவளங்களுக்குப் புகை ஆகாது

மனிதகுலம் எட்டிய சிகரங்களில் ஆக உயர்ந்தது எது? நிலவில் கால் வைத்தது என்பார்கள் சிலர். பாவம், அவர்கள் இந்தோனேசியாவின் செமாராங் நகரத்துக்கு வந்து எங்கள் சந்துக்குள் நுழைந்து விராத்மோ ஐயாவின், எங்கள் பேச்சில் பாக் விராத்மோவின், முன்னறையை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு முழுக் கடல் இருக்கிறது! பவளங்கள் பூத்துக் குலுங்குகின்றன. கோமாளி மீன்கள் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. சந்துக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இந்தச் சாதனையைப் பதிவு செய்ய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிஜக் கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதுவே கிளம்பி வந்து கீழ்ச்சந்து வீடுகளில் கட்டில் காலை நனைத்துவிட்டுப் போகும். அதனால் ஒருமுறை விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் பாக், கடல் பக்கத்துலதானே இருக்கு? நாலு குடம் மொண்டு ஊத்திக்கக் கூடாதா?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்தக் கடலை நம்ப முடியாது பாக் தார்சோனோ. அதுக்குத் தரம் பத்தாது."

ஆகவே குழாய்த் தண்ணீரை வடிகட்டி, அதில் வெளிநாட்டு உப்பைக் கரைத்து, தரமான கடலைத் தம் கையாலேயே தயாரித்துக்கொள்கிறார். அந்தக் கடலுக்கு ஏசி உண்டு. அவர் மனைவிக்கு மின்விசிறி உண்டு. பவளங்களுக்குப் புகை ஆகாது என்பதால் வீட்டுக்குள் சாம்பிராணி, சென்ட், கொசுவர்த்தி எல்லாவற்றுக்கும் தடை. அந்த அம்மாள் கொல்லைப்புறத்தில் குடை பிடித்துக்கொண்டு தெம்பே என்னும் சோயாக் கட்டியைப் பொரிக்கிறார். அறிவியலுக்காக யாராவது தியாகம் செய்யத்தான் வேண்டும். அது மனைவியாக இருந்துவிட்டால் ரொம்ப வசதி.

இப்படிச் சந்து சீரும் சிறப்புமாக இருந்தபோதுதான் மழைக்காலமும் டெங்குவும் சேர்ந்து வந்தன. முதலில் முனை வீட்டுப் பையன் படுத்தான். பிறகு தையற்காரர் வீட்டு இரட்டைப் பெண்கள்.

எங்கள் சந்தில் வெள்ளிக்கிழமைதோறும் இபு கஸ்மினி, அதாவது கஸ்மினி அம்மாள், டார்ச்சோடு வருவார். வீடு வீடாகக் குளியலறைத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் ஏற்றுக்கொண்ட பொதுத்தொண்டு. பாக் விராத்மோ வீட்டு வாசலில் மட்டும் டார்ச்சை அணைத்துவிடுவார்.

"இன்னைக்கு வேணாம் இபு. பவளம் இப்பதான் மனசு தேறி விரிஞ்சிருக்கு. வெளிச்சம் பட்டா சுருங்கிடும்."

"ஐயையோ, விரியட்டும் பாக், பாவம். நான் அடுத்த வாரம் வரேன்."

இதற்குப் பெயர்தான் தாட்சண்யம். ஒருவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வதைவிட உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அதற்கும் வாய்ப்பு வந்தது.

சுகாதாரத் துறைக்காரர்கள் சந்துக்குக் கொசுப்புகை அடிக்க இசைந்தார்கள். அடித்தால் எல்லா வீட்டுக்கும் அடிப்போம், ஒரு வீடு மறுத்தாலும் இல்லை என்றார்கள். உடனே சந்துக் குழு கூடியது. ஏசி இருப்பதால் பாக் விராத்மோ வீட்டில்தான் கூடியது. புறப்படும்போது என் மனைவி யாத்மி வாசலை மறித்து நின்றாள்.

"நம்ம வெனிங் அந்த ரெட்டைப் பொண்ணுங்களோடதான் தெனம் வெளையாடறா. புகைக்கு நாள் குறிக்காம வீட்டுப் படி ஏறாதீங்க."

வெனிங் எங்கள் ஒரே மகள். மூன்றாம் வகுப்பு. நான் வீராவேசமாகத்தான் போனேன்.

தலைவர் பாக் துகிமான் தொண்டையைச் செருமினார். "கொசு சம்பந்தமா ஒரு சின்ன விஷயம்..."

"மொதல்ல சாப்பிடுங்க. லும்பியா ஆறிடும்" என்றார் பாக் விராத்மோ. சாப்பிட்டோம். மாவுச் சுருளுக்குள்ளே மூங்கில் குருத்து தாராளமாக இருந்தது. எல்லார் வாயும் நிறைந்ததும் அவர் பேசினார்.

"புகை தண்ணியில எறங்கினா என் பவளம் அன்னைக்கே செத்துடும். அதுவும் உயிர்தானே?"

"உயிர்தான் பாக். ரொம்ப அழகான உயிர்" என்றார் தலைவர்.

"பாக், பசங்களும்..." என்று இழுத்தார் இபு கஸ்மினி.

"பசங்களுக்கு உடம்பு சுட்டா 'அம்மா'ன்னு கத்துவாங்க. பவளம் கத்துமா? சொல்லுங்க."

கத்தாது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். வாயில் இருந்ததை விழுங்கினேன். "லும்பியா பிரமாதம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். 'கொசுக்கள் குறித்து சந்து மக்கள் அனைவரும் ஆழ்ந்த அக்கறை கொள்வது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"புகை என்னைக்கு?" என்றாள் யாத்மி. கையோடு கொண்டுவந்த லும்பியாப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணு ஆகட்டும், அந்த மீனுங்களையெல்லாம் பொரிச்சு உங்க தட்டுலயே வைக்கிறேன்" என்றாள்.

அந்த வாரமே வெனிங்குக்குக் காய்ச்சல் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ஒவ்வொரு முறை பரிசோதனைச் சீட்டைப் பார்க்கும்போதும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை போய்விடுவாளோ என்று பயந்தேன். இதை அலுவல் மொழியில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிளேட்லெட் ஏறும் என்று பாக் விராத்மோ கொய்யாச் சாறு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார். நல்ல மனிதர், பொய்க் கண்ணீர் இல்லை. யாத்மி அவரைப் பார்த்தாள், சலைன் பாட்டில் தொங்கும் கம்பியைப் பார்த்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வெனிங் பிழைத்துக்கொண்டாள். துரும்பாக இளைத்து வீடு வந்து சேர்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சந்துக் குழு மறுபடி கூடியது. நகரப் பவள வளர்ப்போர் சங்கம் 'மிக ஆரோக்கியமான இல்லத் தொட்டி' என்று பாக் விராத்மோவுக்குக் கேடயம் கொடுத்திருந்தது. அதற்குப் பாராட்டுக் கூட்டம். வாழ்த்துரை: செயலாளர்.

நான் எழுவதற்குள் இபு கஸ்மினி கை தூக்கினார். முகம் வெளுத்திருந்தது. "பாக், தப்பா நெனைக்காதீங்க. காலையில உங்க வீட்டம்மாதான் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் காட்டினாங்க. அங்க ரெண்டு டிரம்முல நல்ல தண்ணி இருக்கு. அது பூரா கொசுப்புழு நெளியுது."

மனிதர் கூனிக் குறுகிப் போவார் என்று நினைத்தோம். அவருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தெரியாம என்ன? நான்தானே வளர்க்கிறேன்! தொட்டியில தண்ணி ஆவியாகக் கொறையும். உப்பு அப்படியே நிக்கும். அதனால ஊத்தறதுக்கு நல்ல தண்ணி சேர்த்து வச்சேன். அதுல புழு தானா வந்துச்சு. அள்ளிப் போட்டா மீனுங்க என்னமா திங்குதுங்க! பாக்கெட் தீனியில இந்த நெறம் வருமா?"

"கொசுவா மாறிப் பறந்துடாதா பாக்?" என்றார் இபு கஸ்மினி.

"பெரும்பாலும் அதுக்குள்ள அள்ளிடுவேன்."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல் அறையைச் சுற்றி வந்தது. தையற்காரர் தரையைப் பார்த்தார். தலைவர் தொட்டியைப் பார்த்து, "நெறம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பாக் விராத்மோ என் பக்கம் திரும்பினார். "அந்த நீல மீனைப் பாருங்க. ஆஸ்பத்திரியில குழந்தையைப் பாத்துட்டு வந்த அன்னைக்கே அதுக்கு 'வெனிங்'னு பேர் வச்சுட்டேன். என்ன மினுமினுப்பு பாருங்க! நீங்க பேசுங்க பாக்."

எழுந்தேன். இந்தமுறை வாயில் எதுவும் இல்லை.

"பாக் விராத்மோ, மனசாரப் பாராட்டுறேன். மீனு தழைக்கப் புழு வேணும். புழு வரப் பொட்டைக் கொசு முட்டை போடணும். முட்டை போடணும்னா அதுக்கு மனுஷ ரத்தம் வேணும். அதுக்கு இந்தச் சந்துல ஒரு வீட்டையும் நீங்க விட்டுவைக்கல. முனை வீட்டுப் பையன் கொடுத்தான், தையற்காரர் பொண்ணுங்க கொடுத்தாங்க. நாங்க பெத்தவங்க, வாயே தெறக்காம கூட நின்னு கொடுக்க வச்சோம். அந்த நீல மீனு மினுங்குதுன்னு சொன்னீங்களே, மினுங்காம எப்படி இருக்கும் பாக்? அது உடம்புல ஓடுறது என் பொண்ணு ரத்தம்."