பழுக்காத ஒன்பது செரிமோயாக்களை முன்னிட்டு நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கக் கோருதல்

சேசு மரி சூசை துணை

நாகல் நகர், திண்டுக்கல்.
வியாழக்கிழமை, காலை.

செம்பட்டியில் தேங்காய் மண்டி வைத்து நடத்துகிறவரும், எங்கள் ஒரே மகள் பாத்திமாவுக்கு மாமனாராகப் போகிறவருமான சம்பந்தி சவரிமுத்து அவர்களுக்கு, பாக்கியராஜ் எழுதிக்கொள்வது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கு நானும் என் மனைவி வியாகுலம்மாளும் பாத்திமாவும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். பழம்தான் நலமாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்க இருக்கும் நிச்சயதார்த்தத்தைத் தாங்கள் பெரிய மனது பண்ணித் தள்ளிவைக்க வேண்டும். பெண்ணுக்குச் சம்மதமில்லையோ, வேறு இடம் பார்த்துவிட்டார்களோ என்று பதற வேண்டாம். மண்டபம் தயார், சமையல்காரர் தயார், பங்குச்சாமியார் தயார், பெண் எல்லோருக்கும் முந்தித் தயார். பழம் பழுக்கவில்லை, அவ்வளவுதான். இதைப் போனிலேயே சொல்லலாமே என்றாள் பாத்திமா. முப்பத்து நான்கு வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, லீவு லெட்டர் கொண்டுவராத ஒருவனையும் மைதானத்தைச் சுற்றி ஓடவைக்காமல் விட்டதில்லை நான். எனக்கும் அதே சட்டம்தான். அதனால் எழுதுகிறேன்.

தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று, எல்லோரும் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தாங்கள்தான் பேச்சைத் தொடங்கினீர்கள். "இருபத்திரெண்டு வயசுல கொடைக்கானல்ல ஒரு பழம் தின்னேன், செரிமோயாம்பாக. பாதி திங்கையிலயே பஸ்ஸ எடுத்துட்டான். மிச்சத்தக் கைப்பிடிச் சுவத்து மேல வெச்சிட்டு ஓடுனேன். அதுக்கப்புறம் அம்புட்டு ருசியா நா எதையுமே திங்கல" என்றீர்கள். சொல்லும்போது தங்களுக்குக் கண் கலங்கியது. கேசரியில் கிடந்த கிராம்பைக் கடித்துவிட்டீர்கள் என்கிறாள் வியாகுலம். நான் நம்பவில்லை. உடனே எழுந்து நின்று, "நிச்சயத்தட்டுல ஒம்பது செரிமோயா பழுத்துக் கெடக்கும் சம்பந்தி. இல்லாட்டி நிச்சயமே கெடையாது" என்று சபையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முதலில் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிக்காரர் முகமது யாசினிடம் கேட்டேன். "இதுதான் சார் அது" என்று சாதா சீத்தாப்பழத்தைக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் செவசெவ என்று ராம்சீத்தாவைக் கொண்டுவந்தார். அதையும் திருப்பினேன். அதற்கும் மறுநாள் பச்சைப்பிள்ளைத் தலை அளவுக்கு ஒரு முள்சீத்தாவை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, "சீத்தா வம்சத்துல இதுக்கு மேல பெரிய ஆளே இல்ல சார். இதுவும் இல்லேன்னா நீங்க கேக்குறது பழமே இல்ல" என்றார். அப்புறம்தான் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே கொடைக்கானல் பஸ் நிற்கும் இடத்தில் கூடை வைத்திருக்கும் அங்காளம்மாள்தான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்ட புண்ணியவதி. "சாதா சீத்தான்னா கண்ணு கண்ணாப் பிரிஞ்சு நிக்கும் சார். இது பிரியாது, ஒரே தோலு. ஈரக் களிமண்ணுல கட்டவெரல வெச்சு அமுக்குனாப்புல குழி குழியா இருக்கும். சிலது வழுவழுன்னு இருக்கும், சிலதுல கொப்புளங் கொப்புளமா எந்திரிச்சிருக்கும். எல்லாமே செரிமோயாதான், ஒரு வயித்துல பெறந்ததுக ஒரே மாதிரியாவா இருக்கு? காயா வாங்கி வீட்டுல வைங்க. காம்புகிட்ட லேசா அமுங்குச்சுன்னா பழம். பழுக்குறதுக்கு முந்தி பிரிட்ஜுல வெச்சுராதீக, கறுத்து வீணாப் போகும். கொட்டையக் கடிச்சுராதீக. நாலே நாள்ல பழுத்துரும், விசேசத்துக்கு நாலு நாளு இருக்கையில வாங்க" என்றார். விளையாட்டு விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பே மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டுப் பழகியவன் நான். கடைசி நேர வேலை எனக்கு ஆகாது. அன்றைக்கே ஒன்பது காய் வாங்கிவிட்டேன். அது நடந்து இன்றோடு பதின்மூன்று நாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதையும் உயர வரிசையில் நிறுத்தி, ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டு, அரிசி டிரம்மில் புதைத்தேன். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஆஜர் எடுப்பேன். காம்போரம் அமுக்கிப் பார்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று சமையலறைக் கதவில் எழுதி ஒட்டினேன். உலை வைக்க அரிசி எடுக்கவேண்டுமானால் நான் வந்து பழங்களை வெளியே எடுத்து வரிசையாக வைத்த பிறகுதான் எடுக்கவேண்டும். நான் வாக்கிங் போகும் ஒன்றரை மணி நேரம் மட்டும் வியாகுலம் காவல். நாலாம் நாள் வாக்கிங் முடிந்து வருகிறேன், வாசலிலேயே ஒரு வாசனை, அடேயப்பா, பாலும் தேனும் அன்னாசியும் ஒன்றாகக் கலந்து காய்ச்சினது போல! ஓடிப்போய் டிரம்மில் கைவிட்டால் ஒன்பதும் கருங்கல். "என்ன வாசம்?" என்றேன். "சாம்பிராணி" என்றாள் வியாகுலம். காலையில் எதற்குச் சாம்பிராணி என்று கேட்டதற்கு, வீட்டில் விசேஷம் வருதுல்ல என்றாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்துதான் சம்பந்தி, விபரீதங்கள். ஐந்தாம் நம்பர் முந்தின நாள் வரை குழி குழியாக இருந்தது. மறுநாள் வழவழவென்று நிற்கிறது. ஒன்றாம் நம்பர் ஒரே நாளில் இரண்டு விரல் குட்டையாகிவிட்டது. எட்டாம் நம்பரின் எட்டு, நான் போட்ட எட்டு மாதிரியே இல்லை, இடுப்பு பெருத்துவிட்டது. தோல் விரிந்தால் எழுத்தும் விரியும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். எட்டாம் நாள் மறுபடியும் சாம்பிராணி வாசனை, மறுபடியும் கருங்கல், மறுபடியும் உருமாற்றம். கழுவுதொட்டியில் கறுப்பாகப் பளபளவென்று கொட்டைகள் கிடந்தன. "சப்போட்டாக் கொட்டைப்பா" என்றாள் பாத்திமா. வத்தலக்குண்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருகிற பிள்ளை, தினமும் அவ்வளவு கனமான பையைத் தூக்கிக்கொண்டு வேறு வருகிறாள், சப்போட்டா தின்றால் என்ன, தின்னட்டும். நேற்று பொறுக்கமாட்டாமல் நாலாம் நம்பரைக் கையோடு எடுத்துக்கொண்டு அங்காளம்மாளிடம் நியாயம் கேட்கப் போனேன். அந்த அம்மா பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னும் நாலு நா ஆகும் சார்" என்றார். பன்னிரண்டு நாளும் நாலு நாள்தானா என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

நாலு நாள் என்றால் ஞாயிறு. ஞாயிறு பழுத்தாலும் காலை பத்து மணிக்குத் தட்டு மாற்றுகிற நேரத்துக்குப் பழுக்குமா என்று எவன் உத்தரவாதம் கொடுப்பான்? திங்கள் மண்டபம் கிடையாது. செவ்வாய் அந்தோணியார் நவநாள், வியாகுலம் வீட்டில் அடுப்பே பற்றவைக்கமாட்டாள். புதன் சாம்பல் புதன், தவக்காலம் பிறந்துவிடும், நாற்பது நாள் மேளச்சத்தம் கூடாது. ஈஸ்டர் கழிந்து வைக்கலாம் என்றால் அப்போது பழ சீசன் முடிந்துவிடுமாம். ஆக எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்ததில், நிச்சயதார்த்தத்தை அடுத்த ஐப்பசிக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் இரு வீட்டாருக்கும் கௌரவம். ஒன்பது மாதம்தான். இதைச் சொன்னதிலிருந்து பாத்திமா என்னோடு பேசவில்லை. சம்பந்தி, வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்தப் பிள்ளையைத் தவிர வேறு நாதி கிடையாது. நாளைக்கு உங்கள் வீட்டில் யாரும் அவளைப் பார்த்து, உங்கப்பன் சபையில சொன்னதச் செய்யாத ஆளு என்று ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து சம்மதிக்கவும், சம்பந்தத்தை மட்டும் முறித்துவிட வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், ஒன்பது மாதம் பொறுமையாயிருக்கச் சொல்லவும். தங்கள் மண்டிக்கும் மரங்களுக்கும் தேவதாயின் காவல் என்றும் இருப்பதாக.

தங்கள் வருங்காலச் சம்பந்தி,
அ. பாக்கியராஜ்,
உடற்பயிற்சி ஆசிரியர் (ஓய்வு).

பி.கு.: அண்ணே, நான் வியாகுலம் எழுதுறேன். கவர ஒட்டிக் கூரியர்ல போடச் சொல்லி எங்கிட்டக் குடுத்துட்டு இவுக வாக்கிங் போயிருக்காக. நீங்க ஒண்ணையும் தள்ளிவைக்க வேண்டாம், ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு மொறையா வந்து சேருங்க. பழமெல்லாம் நாலாம் நாளே பழுத்துருச்சு. விசேசத்துக்குப் பன்னெண்டு நாளு கெடக்கு, அதுவரைக்கும் தாங்குமா? அழுகிப் போகும்னு சொன்னா இவுக கேக்குற ஆளா? அதுனால நானும் பாத்திமாவும் தின்னுட்டோம். இவுக மனசு ஒடஞ்சு போவாகளேன்னு அவ முந்தின நாளே வத்தலக்குண்டுல புதுக் காயி வாங்கியாந்து வெச்சிருந்தா, இவுக வாக்கிங் போன நேரத்துல நா நம்பரு போட்டு டிரம்முல வெச்சேன். அதுவும் எட்டாம் நாள் பழுத்துருச்சு, அதையும் தின்னுட்டோம். மூணாந்தடவ வாங்குனதும் நேத்துப் பழுத்துச்சு. சொல்லக் கூடாது அண்ணே, அம்புட்டு ருசி. இப்ப டிரம்முல கெடக்குறது நாலாவது செட்டு. அது ஞாயித்துக்கெழமைக்குச் சரியாப் பழுக்கும்னு அங்காளம்மா சொல்லிருக்கா, பழுக்காட்டியும் மோதிரத்த மாத்திக்கிருவோம். அன்னைக்கு இவுக மொகத்த மட்டும் பாத்துச் சிரிச்சிராதீக, பாவம், நல்ல மனுசன். இன்னொண்ணு, மொதத் தடவ பழுத்தப்பவே ஒங்களுக்குன்னு நல்லதா ரெண்டு பழம் எடுத்து, பாத்திமாவப் பாக்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்த மாப்பிள்ளை கையில குடுத்துவிட்டேன். எங்க அப்பாவுக்கு உசுருன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவ வந்து, அப்பா கேட்டாருன்னு வாங்கிட்டுப் போனாரு. நீங்க ஒரு வார்த்தையும் சொல்லலையே அண்ணே, இனிப்புப் பத்தலையோ?