பத்தடி போதும் என்று எழுதியவன்

தணிக்கைக்காரனுக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள். ஆனால் பந்தியில் அவன் பக்கத்து இலையில் உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள். இரண்டாவது அப்பளத்துக்கு ரசீது கேட்டுவிடுவானோ என்று பயம். நியாயமான பயம்தான். இருபத்தாறு வயதில் நான் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரைக்கு வெளியே இருந்த ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் செலவுகளைத் தணிக்கை செய்ய எங்களை அனுப்பியிருந்தார்கள். 'எங்களை' என்றால் என் மேலதிகாரி சிவஞானம், அப்புறம் நான். அவர் நிதானமாகக் கோப்பு படிப்பார். நான் கோப்பை மோப்பம் பிடிப்பேன். பசுமலையில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, காலை பஸ்ஸில் தொங்கியபடி போய் இறங்கி, சாயங்காலத்துக்குள் இரண்டு தணிக்கைத் தடையாவது எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பினாயில் வாங்கியதில் ஒரு தடை, சாக்பீஸில் ஒரு தடை, துணைவேந்தர் அறைத் திரைச்சீலையின் நீளத்தில் ஒரு தடை. (திரைச்சீலையை ஸ்டூல் போட்டு ஏறி அளந்தேன். அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.)

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மெலிந்த கோப்பு கைக்கு வந்தது. 'ஊனமுற்ற மாணவர் வசதிகள்' என்று மேலே எழுதியிருந்தது. அப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுவோம். உள்ளே இருந்ததே இரண்டு செலவுதான். பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு ஒரு தொகை. இன்னொன்று, நூலகத்து வாசலில் படிகளுக்குப் பக்கத்தில் கட்டிய ஒரு சாய்தளம். உயரம் மூன்றடி, நீளம் முப்பதடி.

முப்பதடியா! மூக்கு விடைத்தது.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். முப்பதடிதான். திரும்பி வரும் வழியில், சாமான் கிடங்கைத் தாண்டும்போது அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. கிடங்கு வாசலும் தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரம். மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஏற ஒரு மரப்பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். அதையும் அளந்தேன். பத்தடி!

ஒரே நிறுவனம், ஒரே உயரம். ஓரிடத்தில் பத்தடி, இன்னோரிடத்தில் முப்பதடி. அன்றைக்கு நான் எழுதிய வாக்கியம் இன்றும் மனப்பாடம்: "நேரடி ஆய்வின் அடிப்படையில், பத்தடி போதுமானது எனத் தெரியவருவதால், மிகையாகக் கட்டப்பட்ட இருபதடிக்கான செலவை, பணியை மேற்பார்த்த ஓவர்சியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம். இத்தடை தீரும்வரை இதுபோன்ற அடுத்த பணிக்குப் பணம் விடுவிக்கக் கூடாது." எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சத்தமாகவே படித்திருப்பேன்.

அந்த 'அடுத்த பணி' என்ன என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்றாம் நாள் ஓவர்சியர் மாடியில் இருந்த எங்கள் தணிக்கை அறைக்கு வந்தார். இப்ராஹிம் என்று பெயர். ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர். சம்பளப் பிடித்தம் பற்றி அழுவார் என்று எதிர்பார்த்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். அவரோ, "சார், ஒரு தம்பி உங்களப் பாக்கணும்னு கீழ நிக்கிறாரு. இல்ல, உக்காந்திருக்காரு. மாடி ஏற முடியாது. நீங்க கொஞ்சம் எறங்கி வாரீகளா?" என்றார்.

கீழே, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் ஒரு இளைஞர் இருந்தார். பெயர் செல்லப்பாண்டி, எழுமலைக்காரர், எம்.ஏ. சரித்திரம் கடைசி வருஷம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் கொண்டுபோயிருந்தது. ஆனால் வாயை அது தொடவில்லை.

"சார்தான் இருபதடியக் கண்டுபிடிச்சவரா?"

"ஆமா. என்ன விஷயம்?"

"பரீட்சை ஹாலுக்கு ஒரு சரிவு கட்டுறதா இருந்துச்சு. உங்க எழுத்தால நின்னு போச்சு. இன்னும் அஞ்சு வாரத்துல பரீட்சை."

நான் விதிமுறையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தூக்கிட்டுப் போக ஆளில்லாமப் போயிரல சார். நாலு மாப்ளைக இருக்கானுக, தங்கமான பயலுக. ஆனா அவனுகளுக்கும் அன்னைக்குத்தான பரீட்சை? போன தடவ மணி அடிச்சதும் அவனுக உள்ள ஓடிட்டானுக. வாட்ச்மேன் வந்து தூக்குறதுக்குள்ள இருவது நிமிஷம் போச்சு. அதுல ஒரு பேப்பர் போச்சு. இந்தத் தடவையும் போனா, எங்கப்பா படிச்சது போதும், வாடான்னுருவாரு."

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா தணிக்கைன்னா..."

"நேரடி ஆய்வுன்னு எழுதியிருக்கீங்களே. டேப்பு ஏறுச்சு, சரி. வண்டி ஏறுச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. தணிக்கைக்காரனிடம் ஆய்வு முழுமையில்லை என்று சொல்வது, சமையல்காரரிடம் உப்பில்லை என்று சொல்கிற மாதிரி. "ஏறும். ஏன் ஏறாது? மூட்டையே ஏறுது!" என்றேன்.

"அப்பச் சரி. நான் ஏறினா நடிக்கிறேம்பீங்க. நீங்களே ஏறிக் காட்டுங்க."

கிடங்குக்குப் போனோம். செல்லப்பாண்டி கைகளை ஊன்றி, ஒரே எம்பலில் வண்டியிலிருந்து சரிவோரத்துப் பெஞ்சுக்கு மாறினார். நான் வண்டியில் உட்கார்ந்தேன். (காலை முன்னால் நீட்டுவதா மடக்குவதா என்பதிலேயே இரண்டு நிமிஷம் போனது.) கிடங்குக்காரர் ஓடி வந்தார். ஒரு மாதமாகத் தினமும் எனக்கு வணக்கம் வைத்தவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தலைக்கு மேலாக இப்ராஹிமிடம் கேட்டார்: "அண்ணே, சாருக்கு என்னாச்சு? டீ சாப்பிடுவாரா?"

என்னிடம் கேட்கலாமே! உட்கார்ந்து அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எனக்குக் காது கேட்காமல் போய்விட்டது போலிருக்கிறது. பெஞ்சைப் பார்த்தேன். செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி கிடங்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் இரண்டடி சுகமாகப் போனது. "பாத்தீங்களா!" என்றுகூடச் சொன்னேன். மூன்றாவது அடியில் மூச்சு வாங்கியது. நான்காவது அடியில் தோள்பட்டை இரண்டும் ராஜினாமா செய்தன. ஐந்தாவது அடியில் எனக்கு ஒரு உண்மை புரிந்தது: சுற்றுவதை நிறுத்தினால் வண்டி நிற்காது, திரும்பி வரும்.

கிடங்குக்காரர் பிடிக்க ஓடி வந்தார். அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். "யாரும் தொடக் கூடாது! ஆய்வு நடக்குது!" என்று கத்தினேன்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்திருக்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கப் பெரிய தொட்டி நிறையச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். ஐந்தடி தூரத்தை ஏற எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. இறங்க ஆன நேரத்தை அளக்க அன்று கடிகாரம் போதாது. வண்டி தொட்டியின் விளிம்பில் மோதிச் சாய்ந்து நின்றது. நான் மட்டும் ஆய்வைத் தொடர்ந்து, முழங்கையை அந்த விளிம்பில் தேய்த்து, இடுப்பு வரை தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை உறைக்கிறது. பக்கத்து வகுப்பிலிருந்து நாலைந்து பையன்கள் ஓடி வந்தார்கள். அக்குளில் ரெண்டு பேர், காலில் ரெண்டு பேர். 'என்னால் எழுந்திருக்க முடியும்' என்று நான் சொல்வதற்குள் ஆகாயத்தில் இருந்தேன். வராந்தா முழுக்கப் பெண் பிள்ளைகள். வேட்டி சட்டையைத் தண்ணீரில் அலசித் தூக்குவது போல, சொட்டச் சொட்ட என்னை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பெஞ்சில் செல்லப்பாண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வைத்ததும் ஒருவன் என் தலையைத் தடவிக் கொடுத்தான். இருபத்தாறு வயது, அரசாங்க உத்தியோகம், தலையைத் தடவுகிறான்!

கூட்டம் கலைந்த பிறகு செல்லப்பாண்டி மெதுவாகச் சொன்னார்: "எப்படி சார் இருந்துச்சு?"

நான் பேண்டைப் பிழிந்தேன்.

"நல்ல பயலுகதான சார்? யாரையும் குத்தம் சொல்ல முடியாது. உங்களுக்கு இன்னைக்கு ஒரு தடவ. எனக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவ."

சுண்ணாம்பு காய ஆரம்பித்திருந்தது. அதோடு வண்டியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், அந்த முப்பதடியிலும் ஏறிப் பார்த்தேன். வேர்த்தது, வழியில் ஒரு முறை நின்றும் மூச்சு வாங்கினேன். ஆனால் யாரும் தூக்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன். போய்ச் சேர்ந்த பெருமையில் அங்கேயே நின்றுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து இப்ராஹிம் மூச்சிரைக்க ஓடி வந்தார்: "சார், அந்தத் தம்பி பெஞ்சுலயே உக்காந்திருக்காரு. அவரு வண்டியக் குடுத்துருவீகளா?"

மறுநாள் தடையை விலக்கிக் கோப்பு எழுதினேன்: "மீண்டும் நேரடி ஆய்வு செய்யப்பட்டது. பத்தடி போதாது. முப்பதடி மிகையல்ல."

சிவஞானம் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பத்தடி போதாதுங்கறதுக்கு ஆதாரம் எங்கப்பா?" என்றார்.

சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக் கட்டைக் காட்டினேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆனால் டிஞ்சர், பஞ்சு, ஒரு புதுப் பேண்ட் இவற்றுக்காக நான் கொடுத்த பில்லை மட்டும் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: "முன் அனுமதி பெறாமல் விழுந்ததால் ஏற்க இயலாது."

இப்ராஹிம் பரீட்சை ஹால் சரிவை மூன்று வாரத்தில் கட்டி முடித்தார். நீளம் எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. பரீட்சை தொடங்கிய அன்று, ஒரு வேலையும் இல்லாமல் அந்தப் பக்கம் போனேன். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. செல்லப்பாண்டி சரிவின் உச்சியில், மூடிய கதவுக்கு முன்னால், வண்டியில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"வாழ்க்கையில மொத தடவ எல்லாத்துக்கும் முன்னாடி வந்துட்டேன் சார்," என்றார். "வந்து பாத்தா கதவு பூட்டிக் கெடக்கு. இதுக்கு யாரு மேல தடை எழுதுவீங்க?"

அவர் தேறினார். பிறகு வாத்தியாரானார் என்று கேள்விப்பட்டேன். திரும்பி வந்த அந்தப் பில்லை நான் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வைத்திருந்தேன். கல்யாணமான மூன்றாம் மாதம் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது என் மனைவி கையில் அது சிக்கியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைக் குறைத்துச் சொன்னாலும், பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடைக்கு இம்புட்டுத் துணி எதற்கு என்று கேட்டாலும், ஒரே கேள்விதான்: "நேரடி ஆய்வு பண்ணிட்டீங்களா?"

போன வருஷம் எனக்கு முழங்கால் ஆப்பரேஷன். வாசல் படி ஏற முடியவில்லை. சரிவு கட்டக் கொத்தனார் வந்தார். "எம்புட்டு நீளம் சார் போடுறது?" என்று கேட்டார். இடத்தைப் பார்த்தேன், சிமெண்ட் விலையை நினைத்தேன், பழைய ரத்தம் கொஞ்சம் கொதித்தது. "இருக்கிற இடத்துக்கு..." என்று இழுத்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"அவரு சொல்ற அளவுலயே போடுங்கண்ணே. கீழ ஒரு சுண்ணாம்புத் தொட்டியும் சேத்து வச்சிருங்க."